அண்ணன் மகனும் கண் கிளினிக்கும்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் மகனைக் குளிப்பாட்டும்போது அண்ணி அந்தத் தட்டை மச்சங்களை மறுபடி காட்டினார். பால் தேத்தண்ணி நிறம். முதுகு, வயிறு, தொடை என்று ஆறுக்கு மேலே இருக்கும். அக்குளில் பொடிப்புள்ளிகள் வேறு. “கிரகணத்தில வெளிய போகாதேன்னு சொன்னேன், கேட்டாளா?” என்று அம்மா ஆரம்பித்துவிட்டார். பழி எப்போதும் அண்ணி தலையில்தான். அண்ணன் உடம்பில் இருக்கிற கட்டிகளைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை, அது கொழுப்புக் கட்டியாம்! டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் மச்சங்களையும் கட்டிகளையும் பார்த்துவிட்டு, கண்டிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

ஹட்டனில் முதல் பஸ். கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளை வாந்தி.

கண் கிளினிக்கில் பிள்ளையைப் பார்த்து முடித்த டொக்டர், “அப்பாவும் உட்காருங்க” என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன் முழித்தார். நாடியைத் தட்டில் வைத்து நெற்றியைப் பட்டியில் ஒட்டியதும், மெல்லிய வெளிச்சக்கோடு கண்ணில் விழுந்தது. என்னையும் எட்டிப் பார்க்கவிட்டார். பாவையைச் சுற்றிய கரும்பழுப்பு வளையத்தில் அங்கங்கே வெளிறிய குட்டி மேடுகள். லிஷ் முடிச்சுகள். 1937இல் கார்ல் லிஷ் என்ற ஆஸ்திரியக் கண் டொக்டர் விவரித்ததால் அந்தப் பெயர். பார்வையை அது ஒன்றும் செய்யாது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நோய், அந்த வருத்தமுள்ள பெரியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இந்த முடிச்சுகள் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வந்திருக்காது. மகனுக்கு இன்னும் வராத அடையாளம் அப்பன் கண்ணில் இருந்தது.

இரண்டு பேருக்கும் அதே நோய்தான், முதலாம் வகை. தோலில் மச்சங்களும் நரம்புகளில் கட்டிகளும் வரும். 17ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுக் கோளாறு.

மார்ச் 12, புதன்

தூக்கம் வரவில்லை. பிள்ளையிடம் அவர்கள் தேடியது முடிச்சை அல்ல, பார்வை நரம்பை. இந்த வருத்தமுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு அந்த நரம்புப் பாதையில் கட்டி வரலாம், அதுவும் பெரும்பாலும் ஏழு வயதுக்குள். பல கட்டிகள் தொல்லை தராமல் அப்படியே கிடக்கும். பார்வையைக் கெடுக்கத் தொடங்கினால் கீமோ மருந்து கொடுப்பார்கள், கதிர்ச் சிகிச்சையைக் கூடியமட்டும் தவிர்ப்பார்கள்.

ஒரு கண் மங்கினாலும் ஐந்து வயதுப் பிள்ளை வந்து சொல்லாது, மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் படம் காட்டினார்கள், டோர்ச் அடித்தார்கள், மருந்துவிட்டுப் பாவையை விரித்து நரம்பைப் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் வருஷா வருஷம் காட்டவேண்டும். இடையில் மாறுகண் விழுந்தாலோ கண் பிதுங்கினாலோ உடனே போகச் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவிடம் பேசினேன். இது அண்ணன் வழியாக வந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரும், அண்ணனுக்கு அப்படித்தான் வந்திருக்கும் என்றும் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, “அப்ப இவன் வயித்தில இருந்தப்ப நான்தான் கிரகணத்தில போயிட்டேனோ?” என்றார். அண்ணி சிரித்தே விட்டார்.

கைக்குழந்தைக்கும் நாலைந்து மச்சம் இருக்கிறது. அவளையும் கூட்டிப்போகவேண்டும். அண்ணனுக்குத் தனிக் கிளினிக் கொப்பி போட்டாயிற்று. “இனி கிளினிக் நாளில எனக்கும் பேர் போகுமே, அன்றைய சம்பளம் இல்லையே” என்று முனகுகிறார். அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேராவது போடுவார்களா என்று தோட்டத்துக் கங்காணியிடம் நானே கேட்கப்போகிறேன்.