கத்தரி இலையின் அடிப்புறம்: வெள்ளை ஈயோடு ஐந்து வாரங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்வேலியோரம் 12 கத்தரிச் செடிகளும் 8 மிளகாய்ச் செடிகளும் நின்றன. வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். பிப்ரவரியில் மழை விட்டுக் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், கத்தரித் தண்டுகளில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குவதைக் கண்டு, எறும்புதான் தொல்லை என்று எண்ணித் தூரைச் சுற்றிச் சாம்பல் தூவினேன். கீழ் இலைகளில் கரி பூசினாற்போல் படிந்திருந்த கறுப்பைத் துடைத்தபோது விரல் பிசுபிசுத்தது. செடியை மெல்ல உலுக்கினேன். ஊதுபத்திச் சாம்பலை ஊதிவிட்டது போல வெள்ளை ஈக்கள் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இலைகளுக்கு அடியில் மறுபடி அமர்ந்தன. சாற்றை உறிஞ்சி அவை கழிக்கும் இனிப்பு நீர்தான் எறும்பை அழைத்திருக்கிறது. கரும்பூஞ்சையை வளர்த்ததும் அதுவே.

பழியை முதலில் கொய்யா மரத்தின் மேல் போட்டேன். அதன் இலைகளின் அடியிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்ததால், தாழ்ந்த கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டு, அதன் பிறகே உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கொய்யாவில் இருந்தது, மெழுகுப் பொடியால் சுருள் சுருளாகக் கோலமிட்டு முட்டை வைக்கும் வேறு வகை. கத்தரியில் கோலமும் இல்லை, பஞ்சும் இல்லை. பிஞ்சோடு வெட்டிய கிளைகளுக்காக மனைவி இன்னமும் பேசுகிறாள்.

இரண்டாவது தவறு அவசரத்தில் நேர்ந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை அளவில்லாமல் தண்ணீரில் ஊற்றி நண்பகலில் தெளித்ததில், நான்கு செடிகளின் இலையோரங்கள் மறுநாளே காகிதம் தீய்ந்தாற்போல் சுருண்டன. "தோட்டத்து மருந்து கொஞ்சம் இருக்கு தம்பி, ஒரே அடியில முடிஞ்சிரும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் அக்கறையோடு சொன்னார். வாரந்தோறும் காய் பறித்துச் சாப்பிடும் செடியில் அதை அடிக்க மனம் வரவில்லை. அங்கே உலவிய பொறிவண்டும் சிலந்தியும் அதில் சாகும் என்பதும் ஒரு காரணம்.

கண்ணாடியில் கண்டதுதான் என் போக்கை மாற்றியது. இலையடியில் நரம்போரம் மிக நுண்ணிய முட்டைகள் நின்றபடி ஒட்டியிருந்தன. அவற்றுக்கிடையே மீன் செதிலைப் போலத் தட்டையாக, வெளிறிய மஞ்சளில், அசைவே இல்லாத குஞ்சுகள் இருந்தன. முட்டையிலிருந்து வரும் குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து, ஓரிடத்தில் வாயை ஊன்றிவிட்டால், சிறகு முளைக்கும் வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஈயாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. தெளிப்பு முட்டையை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால், பறப்பதைக் கொன்றுவிட்டு ஓய்ந்தால் அடுத்த வாரமே புதுக் கூட்டம் கிளம்பும்.

ஆகவே ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலங்கி நிற்க 2 மில்லி திரவச் சோப்பு என்று அளந்து, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின், விசைத்தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி இலையடி நனையும்படி தெளித்தேன். இடைப்பட்ட காலைகளில், ஈக்கள் சோம்பிக் கிடக்கும் நேரத்தில், குழாய் நீரை விரலால் அழுத்திக் கீழிருந்து பீய்ச்சினேன். கரி படிந்த அடியிலைகளைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டேன். உள்ளதில் முதுகு அதிகம் வலித்த வேலை இதுவே.

கிரீஸ் தடவிய மஞ்சள் அட்டை ஒன்றையும் செடி உயரத்தில் தொங்கவிட்டேன். அது ஈயை ஒழிக்கும் என்பதை நான் நம்பவில்லை. எண்ணிக்கை தெரிந்துகொள்ளத்தான் வைத்தேன். முதல் வாரம் 140க்கு மேல் ஒட்டியிருந்தன, இரண்டாம் வாரம் 118. மூன்றாம் வாரம் 130 ஆக ஏறியபோது மனம் சோர்ந்தது. தெளிப்புக்குத் தப்பிய முட்டைகள் ஈயாகி வந்த வாரம் அது என்று கணக்குப் பார்த்துத் தேற்றிக்கொண்டேன். நான்காம் வாரம் 46, ஐந்தாம் வாரம் 19. கடைசி இரண்டு வாரங்களில் மாலை மழை பிடித்துக்கொண்டதும் உதவியிருக்கும். பெருமை முழுவதும் வேப்பெண்ணெய்க்கு உரியதன்று.

மிளகாயில்தான் இழப்பு. இரண்டு செடிகளில் நுனியிலைகள் மஞ்சளாகி, சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டன. சிலந்திப்பேன் என்றால் இலை கீழ்நோக்கி மடங்கியிருக்கும். இது வெள்ளை ஈ கடத்தும் நச்சுயிரி என்றே கொண்டேன். அதற்கு மருந்து கிடையாது. பூவோடு நின்ற அவற்றை ஈரப் பையால் மூடியபடியே பிடுங்கினேன்.

இப்போது ஆறு மிளகாயும் பன்னிரண்டு கத்தரியும் நிற்கின்றன. தெளிப்பைப் பத்து நாட்களுக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். மஞ்சள் அட்டை அங்கேயே தொங்குகிறது.