பி.இ.ஓ. கவுன்சில் தேர்தலில் நிற்க நினைக்கும் பொறியாளர்களுக்கு

பொறியாளராகத் தொழில் செய்வதற்கான பி.எஞ் லைசன்ஸ் வாங்கிய பிறகு, ஆண்டுக் கட்டணம் கட்டும் நாளில் மட்டும்தான் நம்மில் பலருக்கு பி.இ.ஓ. ஞாபகம் வருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியியல் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1922ல் தொடங்கிய இந்த புரொஃபெஷனல் இன்ஜினியர்ஸ் ஒன்டாரியோ (பி.இ.ஓ.) அமைப்புதான். அதை நிர்வகிக்கும் கவுன்சிலுக்கு ஒவ்வொரு ஆண்டும் தேர்தல் நடக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் "நாங்களும் நிற்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக நிற்கலாம். இந்த நடைமுறையை உள்ளே இருந்து பார்த்த அளவில் இதை எழுதுகிறேன். தேதிகளும் சில விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்த ஆண்டுக்கென்று கவுன்சில் வெளியிடும் தேர்தல் விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்களை முதலில் குழப்புவது இந்த அமைப்பின் தன்மைதான். இந்தியாவில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972லேயே சட்டம் வந்துவிட்டது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு லைசன்ஸ் சட்டம் இல்லை. இலங்கையில் பொறியியல் கவுன்சில் சட்டம் 2017ல்தான் வந்தது. அதனால் பி.இ.ஓ.வையும் ஒரு சங்கம் என்றே நினைத்துக்கொள்கிறோம். அது சங்கம் அல்ல. பொதுமக்களின் நலனைக் காப்பதுதான் அதன் முதல் வேலை என்று சட்டமே சொல்கிறது. ஓட்டுப் போடுபவர்கள் பொறியாளர்கள், ஆனால் ஜெயித்தவர் பொறுப்பேற்பது பொதுமக்களுக்காக. இது மனதில் பதியாதவர்களின் பிரசாரம் முதல் வரியிலேயே தடம் மாறிவிடுகிறது.

எந்த இடத்துக்கு நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிழக்கு, கிழக்கு மத்திய, வடக்கு, மேற்கு, மேற்கு மத்திய என்று ஐந்து வட்டாரங்கள் உண்டு. வட்டாரக் கவுன்சிலருக்கு இரண்டு ஆண்டுப் பதவி. மாகாணம் முழுவதும் ஓட்டுப் போடும் பொதுக் கவுன்சிலர், துணைத் தலைவர், அடுத்த தலைவர் பதவிகள் தனி. அடுத்த தலைவராக ஜெயித்தால் ஓராண்டு காத்திருப்பு, ஓராண்டு தலைவர், ஓராண்டு முன்னாள் தலைவர் என்று மூன்று ஆண்டு போய்விடும். முதல் தடவை நிற்பவருக்கு வட்டாரம்தான் சரி. எட்டிப் பிடிக்க வேண்டிய வாக்காளர்கள் ஒரே பகுதியில் இருப்பார்கள், கையெழுத்து வாங்குவதும் சுலபம்.

அந்தக் கையெழுத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வட்டாரப் பதவிக்கு அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும் 15 உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். மாகாணம் தழுவிய பதவிக்கும் 15 பேர்தான், ஆனால் ஐந்து வட்டாரத்திலிருந்தும் குறைந்தது ஒருவராவது அதில் இருக்க வேண்டும். வடக்கு வட்டாரத்தில், அதாவது சட்பரி, தண்டர் பே பக்கம், ஒருவரையும் தெரியாமல் கடைசி வாரத்தில் தவிப்பது வழக்கமாக நடப்பது. அந்த ஒரு கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.

15 வேண்டுமென்றால் 22 வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். பயிற்சிப் பொறியாளராக, அதாவது இ.ஐ.டி.யாகப் பதிந்தவர் உறுப்பினர் அல்ல, அவர் கையெழுத்து செல்லாது. குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் செல்லும் வரையறுக்கப்பட்ட லைசன்ஸ் வைத்திருப்பவருடையதும் அப்படித்தான். வீடு மாறி ஏஜாக்ஸிலிருந்து மிசிசாகாவுக்குப் போனவர், தன் வட்டாரமும் மாறிவிட்டது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். கட்டணம் கட்டாமல் லைசன்ஸ் நின்றுபோனது சிலருக்குத் தெரிந்திருக்காது. நம் ஆட்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு, அது பெயர். படிவத்தில் ஒருவர் தன் பெயரை மட்டும் எழுதி முன்னால் இனிஷியல் போடுவார். பதிவேட்டிலோ அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். சரிபார்ப்பவர் தேடினால் ஆள் கிடைக்காது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் லைசன்ஸ் எண்ணை அவர் முத்திரையையோ அட்டையையோ பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு பி.இ.ஓ. இணையதளத்தில் இருக்கும் பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான், நாமினேஷனைக் காப்பாற்றிவிடும்.

உங்கள் சொந்தத் தகுதியையும் பாருங்கள். ஒன்டாரியோவில் குடியிருக்க வேண்டும், கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும். நாமினேஷன் பொதுவாக அக்டோபர் வாக்கில் திறந்து, நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கத்தில் முடியும். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டால், ஏதாவது குறை சொன்னாலும் திருத்த நேரம் இருக்கும்.

அடுத்தது எழுத்து. வேட்பாளர் அறிக்கை உண்டு. அது போக, நாங்கள் பார்த்த சுற்றுகளில், வேட்பாளர் சார்பில் பி.இ.ஓ.வே மூன்று முறை உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் 300 சொல்தான் அளவு. இந்த 300 சொல்லில் என்ன எழுதக் கூடாது என்பதுதான் முக்கியம்.

"பொறியாளர் சம்பளத்தை உயர்த்தப் பாடுபடுவேன்" என்று எழுதாதீர்கள். அந்த வேலைக்காகத்தான் 2000ல் ஒஸ்பி என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். விவரம் தெரிந்த வாக்காளர் அந்த வரியோடு மூடிவிடுவார். "என் நண்பர் மேல் வந்த புகாரில் அநீதி நடந்தது, சரிசெய்வேன்" என்பதும் ஆகாது. புகார், ஒழுங்கு விசாரணை எதிலும் கவுன்சிலர் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. "கனடிய அனுபவ நிபந்தனையை நீக்குவேன்" என்று பழைய நோட்டீஸைப் பார்த்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 48 மாத அனுபவத்தில் 12 மாதம் கனடாவில் இருக்க வேண்டும் என்ற அந்த விதி 2023லேயே போய்விட்டது. வெளிநாட்டில் படித்தவர்களுக்காகப் பேசுவதென்றால், மீதியுள்ள அனுபவத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள், விண்ணப்பத்துக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று இன்றைய நிலையைப் பேசுங்கள்.

கவுன்சிலின் கையில் உண்மையிலேயே இருக்கும் விஷயத்தை எடுங்கள். தொடர்கல்வியையே பாருங்கள். 2012 ஜூனில் ஒன்டாரியோவின் எலியட் லேக் ஊரில் மால் கூரை இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2014ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, பொறியாளர்களுக்குக் கட்டாயத் தொடர்கல்வி வேண்டும் என்றது. அது கட்டாயமானது 2023 ஜனவரியில். நடுவில் போன அத்தனை ஆண்டுகளும் கவுன்சில் மேஜையில் போனவை. இந்தத் திட்டத்தில் எதைத் திருத்துவீர்கள் என்று இரண்டே வரியில் சொன்னாலும், படிப்பவர் உங்களை விஷயம் தெரிந்தவராகப் பார்ப்பார்.

பிரசாரத்தில் கவனிக்க வேண்டியவை சில. பி.இ.ஓ. சின்னத்தை உங்கள் நோட்டீஸில் போடக் கூடாது. சாப்டர், அதாவது பி.இ.ஓ.வின் உள்ளூர்க் கிளை, எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது, அதன் மின்னஞ்சல் பட்டியலும் உங்களுக்குக் கிடையாது. சாப்டர் கூட்டத்துக்குப் போனால் முறையான நிகழ்ச்சி நடக்கும்போது ஓட்டுக் கேட்காமல், தேநீர் நேரத்தில் பேசுங்கள். ஆபீஸ் மின்னஞ்சலிலிருந்து எதையும் அனுப்பாதீர்கள்.

வாக்குப்பதிவு இணையத்தில், ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரி வரை நடக்கும். உறுப்பினர்கள் 80,000க்கு மேல், ஓட்டுப் போடுவதோ பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். காரணம் அலட்சியம் மட்டுமல்ல. வாக்களிக்கும் விவரம் வரும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுகிறது, அல்லது விட்டுப்போன பழைய வேலையின் முகவரிக்குப் போகிறது. அதனால் கொள்கை விளக்கத்தை விட, "மின்னஞ்சல் வந்ததா, ஸ்பேமில் பார்த்தீர்களா?" என்று போனில் கேட்பது அதிக ஓட்டுக் கொண்டுவரும். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட 22 பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைக் கூப்பிடட்டும். ஓய்வு பெற்ற பொறியாளர்களை விட்டுவிடாதீர்கள், லைசன்ஸ் வைத்திருந்தால் அவர்களுக்கும் ஓட்டு உண்டு, மின்னஞ்சலை முழுதாகப் படிப்பவர்களும் அவர்கள்தான்.

ஜெயித்தால் ஏப்ரல் வாக்கில் நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தோடு பொறுப்புக்கு வருவீர்கள். மேஜையில் அரசு நியமித்தவர்களும் இருப்பார்கள், பொறியாளர் அல்லாதவர்களும் அவர்களில் உண்டு. தோற்றால் அந்த 22 பேர் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு கமிட்டியில் சேருங்கள். செப்டம்பரில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வீடு மாறிவிட்டார்களா என்று கேளுங்கள், அடுத்த படிவம் அக்டோபரில் வந்துவிடும்.