அத்தை கழுவிய கிருஷ்ணர்

ஆயர் ஈத்தாமில் இருக்கும் தாத்தா வீட்டை விற்பதென்று முடிவானதும் பரணைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பினாங்கிலேயே தங்கிவிட்டவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் கோலாலம்பூர், கிள்ளான், ஜொகூர். வாட்சப் குழுவில் வேலை பிரித்துக் கொடுப்பதில் மட்டும் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பாதி செங்கல், பாதி பலகை வீடு. பரண் சமையலறைக்கு மேலே. முறுக்கு உழக்கு, அடி ஓட்டையான பித்தளை அண்டா, சித்தப்பா ஒரே ஒரு தைப்பூசத்துக்கு எடுத்த காவடியின் வளைவு, எலி கடித்த பாய். இரண்டு நாளாக இறக்கினேன். 'சூராட் காபார் லாமா' என்று பாடிக்கொண்டு வருகிற பழைய பேப்பர் லோரியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். கடைசி மூலையில், பழைய வேட்டியில் சுற்றி, மேலே தேங்காய் நார்க் கயிறு கட்டிய ஒரு தட்டையான பொட்டலம். உடைந்த முகக்கண்ணாடி என்று நினைத்து லோரிக்காரரிடம் நீட்டிவிட்டேன். அவர்தான் கயிற்றை அவிழ்த்தார். "காச்சா, காச்சா" (மலாயில் கண்ணாடி) என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியை அவர் எடுப்பதில்லையாம்.

கண்ணாடிதான். ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை என்னைப் பார்த்தது.

உருண்டை முகம், காது வரை நீண்ட கண், உள்ளங்கையில் வெண்ணெய். தலைக்கு மேல் இருபுறமும் கட்டித் தூக்கிய திரை. கழுத்து மாலையும் கொண்டையும் தங்கத் தாளில் மினுங்கின. வேறெங்கும் முழுமை இல்லை. கிருஷ்ணருக்கு இடது கால் கிடையாது. கோடு இருக்கிறது; பெருவிரல் நகம்கூட இருக்கிறது; உள்ளே நிறம் இல்லை. கோட்டின் வழியே என் விரல்கள் தெரிந்தன. பின்னணியில் ஒரு மூலையில் மட்டும் நீலம், அதுவும் வழிந்து காய்ந்த மாதிரி.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஜொகூர் அண்ணன் ஒரு செய்தியை அனுப்பினார். பிரான்சில் கொம்பியேன் என்ற ஊரில் ஒரு மூதாட்டி வீட்டில், சமையலறை அடுப்புக்கு மேலே தொங்கிய சின்னப் பலகைப் படம். ஏதோ பழைய சாமி படம் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யும்போது மதிப்புப் போட வந்த ஏலக்காரர் கண்ணில் பட்டது. 13ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் சிமாபுவே வரைந்ததென்று தெரிந்து, 2019 அக்டோபரில் 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்குப் போனது. "நாமும் அடுப்புக்கு மேலேதானே வைத்திருந்தோம்" என்று அண்ணன் எழுதினார். அதற்குள் கிள்ளான் அண்ணி பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நகைச்சுவையாகத்தான், என்று நம்புகிறேன்.

குழுவில் பேசாதவர் கோலாலம்பூர் செந்தூலில் மகனோடு இருக்கும் அத்தை. 78 வயது. வழக்கமாகக் காலை வணக்கம், ரோஜாப் பூ, கை கூப்பிய படம் என்று முதல் ஆளாக வருபவர். இரவு ஒன்பது மணிக்கு அவரே என்னை அழைத்தார்.

"ஏண்டி, அதை லோரியில போட்டுட்டியா?"

"இல்லை அத்தை, என்கிட்டதான் இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "நான்தாண்டி கழுவினேன்."

ஹர்த்தால் வந்த வருஷம் என்றார். 1967. பழைய காசின் மதிப்பைக் குறைத்ததற்காகப் பினாங்கில் கடையடைப்பு, கலவரம், ஊரடங்கு எல்லாம் வந்த வருஷம். அதற்குக் கொஞ்சம் முன்னால், தீபாவளிக்கு வீடு கழுவும்போது, சாமி படங்களை எல்லாம் கழற்றித் துடைப்பது அத்தையின் வேலை. கண்ணாடி ஓரத்தில் பூச்சி அரித்திருந்ததாம். பின்பலகையைக் கழற்றினார். உள்ளே தூசி. ஈரத் துணியில் கொஞ்சம் சவுக்காரம் போட்டுத் துடைத்தார். கண்ணாடிதானே!

"நீலம் அப்படியே வாளியில இறங்கிச்சு. தண்ணியைத் திருப்பி ஊத்த முடியுமா?"

தாத்தாவிடம் படம் விழுந்து உடைந்துவிட்டது, சில்லுகளைக் கொட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். கழுவியதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். உடைந்தது என்றால் கண்ணேறு கழிந்தது. தாத்தா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் அதே ஆணியில் ஒரு காலண்டர் கிருஷ்ணரை மாட்டினார். 1981இல் அவர் போகும்வரை உண்மை பரணில்தான் இருந்தது.

தாத்தா பினாங்கு ஸ்திரீட்டில், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் சமையல்காரர். நீளக் கூடம், வரிசையாக ஏஜெண்டுகளின் பெட்டியடி, ஒவ்வொருவருக்கும் மூன்று வருஷக் கணக்கு, முடிந்ததும் ஊருக்குக் கப்பல். அப்படி ஒருவர் ரஜூலா கப்பலேறும்போது கண்ணாடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பயந்து, தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பது வீட்டில் சொல்லும் கதை. சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கொடுத்தார் என்று பாட்டி சொல்லுவார். பாட்டி சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்.

தோழியின் உறவினர் ஒருவர் சென்னையில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுபவர். அவரோடு காணொளியில் பேசினேன். முதல் வேலையாக, நிமிர்த்தி வைத்திருந்த படத்தைப் படுக்க வைக்கச் சொன்னார், வர்ணப் பக்கம் மேலே இருக்கும்படி. கண்ணாடி வர்ணத்தை உறிஞ்சாது. அது மேலே ஒட்டிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் அந்தப் பிடியும் தளர்ந்து செதில் செதிலாக உதிரும்.

இது தஞ்சாவூர்ப் பாணிக் கண்ணாடி ஓவியம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியாகவோ 20இன் தொடக்கமாகவோ இருக்கலாம் என்றார். இந்த வித்தை இந்தியாவுக்குச் சீன வாணிபத்தோடு 18ஆம் நூற்றாண்டில் வந்து, தஞ்சாவூர் வரை போய் நம் சாமிகளை வரையத் தொடங்கியிருக்கிறது. பினாங்கில் பெரானாக்கான் என்கிற பழைய சீனக் குடும்பங்களின் வீடுகளிலும் கண்ணாடிக்குப் பின்னால் வரைந்த சீனப் படங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சொந்தம் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. சாதாரணப் படத்தில் பின்னணி முதலில், கண் கடைசியில். இதில் எல்லாம் தலைகீழ். கோட்டுப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, மெல்லிய தூரிகையால் கறுப்புக் கோடு முதலில். புருவம், கண்மணி, நகம், நகையின் முத்து எல்லாம் அப்போதே. அதற்கு மேல் உடம்பின் நிறம். நகைக்கு விட்ட இடத்தில் தங்கத் தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பின்னணி. தப்புச் செய்தால் மேலே பூசி மறைக்க வழியில்லை. தப்பு முன்னால் நிற்கும்.

அதனால்தான் அத்தையின் துணி கடைசியில் பூசியதை முதலில் எடுத்திருக்கிறது. நீலம் போனது, அதற்கடுத்துக் காலின் சதை போனது. கோட்டுக்கு வருவதற்குள் அத்தை பயந்து நிறுத்திவிட்டார். ஓவியர் முதலில் தொட்டதெல்லாம் மிச்சம்.

ஓவியர் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அடியில் 'ஸ்ரீ கிருஷ்ணன்' என்று எழுதியிருக்கிறார். பின்னாலிருந்து எழுதுவதால் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட வேண்டும். எல்லாம் சரியாகத் திருப்பியவர் கடைசி 'ன்'னில் அசந்துவிட்டார். அது மட்டும் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. எனக்கு இந்தப் படத்திலேயே அதிகம் பிடித்த இடம் அதுதான்.

விலை? ஜார்ஜ்டவுனில் பழம்பொருள் விற்கும் ஒருவர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கி, சட்டத்தின் தேக்குக்காக 400 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாசலில் செருப்பு மாட்டும்போது 1,200. கார்க் கதவைத் திறந்துகொண்டு 3,000. சட்டத்துக்கு அவ்வளவு விலையா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார். குழுவில் 3,000 என்று எழுதினேன். சிமாபுவேயோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் போல, பங்குப் பேச்சு அன்றோடு நின்றது.

போன நிறத்தை மீண்டும் வரையலாமா என்று சென்னைக்காரரிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். வேண்டுமானால் கண்ணாடியைத் தொடாமல், கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் அமிலமில்லாத நிற அட்டை ஒன்றை வைக்கலாம். முன்னாலிருந்து பார்க்க நிறைந்த மாதிரி இருக்கும், நாளைக்கு எடுத்துவிடவும் முடியும்.

தைப்பூசத்துக்கு அத்தை வந்தார். வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, கால் வலியோடு நேராக என் வீட்டுக்கு. மேசையில் படம் படுத்திருந்தது. தொடவில்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் நிறம் பார்ப்பதற்காக எழுதுபொருள் கடையில் மூன்று நீலத் தாள் வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"இது இல்லை."

"இது?"

"இது பள்ளிக்கூட நீலம்."

மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாளியில இன்னும் கருப்பா இருந்துச்சுடி" என்றார். "நாளைக்குக் கடைக்கு நானும் வரேன்."