புரோச்சைத் திருப்பிப் பாருங்கள்

அம்மாவைப் பெற்ற அம்மாயியின் வெள்ளிப் புரோச் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். இரண்டு இலை, நடுவில் மூன்று சிவப்புக் கல். அம்மாயி ஏற்காட்டில் டீச்சராக இருந்தவர், பள்ளிக்கூடம் கிளம்பும்போது சேலை மடிப்பைத் தோளில் சேர்த்து இதைத்தான் குத்திக்கொள்வார், மார்கழிப் பனியில் அதே புரோச் சால்வைக்கு ஏறிவிடும். அந்தச் சிவப்புக் கற்களைக் காப்பிப் பழம் என்றே சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் காப்பித் தோட்டம் இருக்கிற ஊரில் வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

நம் பக்கம் நகை என்றால் கழுத்து, காது, மூக்கு, கை, கால். எல்லாம் உடம்பில் போடுவது. புரோச்சைத் துணியில் போடுகிறோம். தோடு கழன்றால் தோடு மட்டும் போகும், புரோச்சைத் தப்பாகக் குத்தினால் சேலையும் சேர்ந்து போகும். எனக்கு அப்படித்தான் போனது. சேலத்தில் ஒரு ரிசப்ஷனுக்கு மெல்லிய கிரேப் சேலை கட்டி, புதிதாக வாங்கிய பெரிய மயில் புரோச்சைத் தோளில் வைத்தேன், பார்க்க அத்தனை அழகு, ஆனால் பந்தியில் உட்காருவதற்குள் மயில் தலைகுப்புறச் சாய்ந்துவிட்டது, வீட்டுக்கு வந்து கழற்றினால் எள்ளளவு ஓட்டை, அதிலிருந்து விரல் நீளத்துக்கு இழை ஓடியிருக்கிறது. அந்தச் சேலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் அம்மாயியின் புரோச் ஞாபகம் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கொக்கி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கையில் வாங்கிய அண்ணன் இலையையும் கல்லையும் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பி விளக்கடியில் பிடித்தார். ஊசி ஆடுகிற கீல், ஊசி, ஊசிமுனை போய் உட்காருகிற கொக்கி, இந்த மூன்றையும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கொக்கியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. யாரோ எப்போதோ ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அப்படியே நெருப்புக் காட்டினால் ஈயம் வெள்ளியைத் தின்று குழி விழுந்துவிடுமாம். அதனால் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், கல்லைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் பற்றவைக்கிற பொடி வைத்து நெருப்பை ஊத முடியும் என்றார். "ஊசியும் வெள்ளியிலயே போட்டா சீக்கிரம் வளைஞ்சுரும்ங்க, ஸ்டீல்ல போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். கொக்கியும் பழையது வெறும் வளைவுதான், ஊசியை உள்ளே செருகுவதோடு சரி. அதை எடுத்துவிட்டுத் திருகிப் பூட்டுகிற மாதிரி வைத்துக் கொடுத்தார். பழைய புரோச்சுகளில் பெரும்பாலும் அந்த வெறும் வளைவுதான் இருக்கும், திருகிப் பூட்டுவது பரவலானதெல்லாம் 20ஆம் நூற்றாண்டில்.

அன்றிலிருந்து எந்தப் புரோச்சைக் கண்டாலும் என் கை தானாகத் திருப்பிப் பார்க்கிறது. அதன் பிறப்பே அந்தப் பக்கம்தானே? ஐரோப்பாவில் 3000 ஆண்டுகளுக்கு முன்பே, வெண்கலக் காலத்திலேயே, தைக்காத போர்வையைத் தோளில் பிடித்து நிறுத்தக் கம்பியை வளைத்து ஊசி செய்திருக்கிறார்கள். அந்த ஊசிக்குப் பெயர் ஃபிபுலா. நாம் ஊக்கு என்கிற சேஃப்டி பின்னும் அதே சங்கதி, அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1849இல், வாங்கி 400 டாலருக்கு விற்றும்விட்டார். அதற்கு அடுத்த ஆண்டு அயர்லாந்தில் பெட்டிஸ்டவுன் என்ற ஊரில் கிடைத்த தாரா புரோச் இப்போது டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1200 ஆண்டுக்கு மேல் பழசு. அதன் பின்பக்கத்திலும் முன்பக்கத்துக்கு இணையாக வேலைப்பாடு செய்திருக்கிறார்கள், குத்திக்கொண்டால் யார் கண்ணிலும் படாத பக்கம் அது! படத்தில் பார்த்ததற்கே எனக்கு மெய் சிலிர்த்தது. நம் நாட்டிலும் 1860களில் பம்பாய் போன ஞானதாநந்தினி தேவி, தாகூரின் அண்ணி, பார்சிப் பெண்களைப் பார்த்துச் சேலைக்கட்டை மாற்றி அமைத்தபோது இடது தோளில் புரோச் வந்து உட்கார்ந்தது. சேலையும் தைக்காத துணிதான், அதற்கும் ஒரு பிடி வேண்டும்.

வாங்கும்போது ஊசி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் புரோச் நிமிர்ந்து நிற்கும், நடுவுக்குக் கீழே இருந்தால் எடை முன்னால் இழுத்துக் குப்புற விழும். என் மயிலுக்கு நடந்தது அதுதான். குத்தும்போது சேலை மடிப்போடு பிளவுஸ் தோளையும் சேர்த்துக் குத்த வேண்டும், எடையைத் தைத்த துணி தாங்கிக்கொள்ளும். ஊசியை ஒரே தடவையில் நீளமாக ஓட்டாமல் உள்ளே விட்டு, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டுப் பூட்டுங்கள், அசையாது. ஜரிகையில் மட்டும் குத்தவே குத்தாதீர்கள், ஜரிகை இழை அறுந்தால் அறுந்ததுதான். பட்டுச் சேலையில் ஜரிகை இல்லாத உடம்புப் பகுதியாகப் பார்த்து, உள்பக்கம் ஒரு சின்னக் கம்பளித் துணித் துண்டை வைத்துக் குத்தினால் இழை இழுபடாது. பருத்தி என்றால் கவலை குறைவு, கழற்றிய பிறகு நகத்தால் நெசவை நீவிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். ஷிஃபான், கிரேப்புக்குக் காந்தம் வைத்த புரோச் நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மாப்பிள்ளைக் கோட்டுகளில் இப்போது சங்கிலி தொங்குகிற புரோச் நிறையப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. கோட்டுத் துணி தடிப்பு, எவ்வளவு எடை வேண்டுமானாலும் தாங்கும்.

வெள்ளி கறுத்தால் வீட்டில் விளக்கு துலக்குகிற மாதிரியே விபூதி போட்டுத் துணியால் தேய்த்தால் போதும். கல் பதித்த இடத்தில் தேய்க்க வேண்டாம், ஒட்டிய கல்லாக இருந்தால் தண்ணீரே ஆகாது.

போன மார்கழியில் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் நல்ல குளிர். சால்வை காற்றில் விலகிக்கொண்டே இருந்தது. கைப்பையிலிருந்து அம்மாயியின் புரோச்சை எடுத்து, உள்ளே விட்டு, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு, கொக்கியைத் திருகிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி அடிவாரம் வருகிற வரை ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.