மருந்து டப்பாவில் வெட்டிய படை

பரணில் வேறெதையோ தேடப் போய் அந்தப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. மூடியின் மூலைகளில் ஒட்டியிருந்த டேப் பழுப்பேறி, பசை செத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே மடிப்புகளில் கிழிந்த ஒரு வரைபடம், பென்சில் கிறுக்கல்களோடு விதிப்புத்தகம், காலி மாத்திரைக் குப்பிகளில் நாடுவாரியாகப் பிரித்துப் போட்ட அட்டைச் சில்லுகள். எதைத் தேடிப் பரணில் ஏறினேன் என்பது இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

‘டிவைன் ரைட்’. டி.எஸ்.ஆர். நிறுவனம் 1979இல் வெளியிட்ட விளையாட்டு. எங்கள் வீட்டுக்கு வந்தது 1986இல். மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். கூட இருந்த ஒருவர் ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போது வேண்டாமென்று கழித்துவிட்டுப் போன பெட்டி அது. “பசங்க விளையாட ஏதோ இருக்கு, மேல படம் நல்லா இருந்துச்சு” என்று கொடுத்தார். பொம்மைக் குதிரையும் கோட்டையும் இருக்கும் என்று நானும் அண்ணனும் அடித்துப்பிடித்துத் திறந்தோம். பொம்மை ஒன்றுகூட இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதுரம் சதுரமாக அச்சடித்த அட்டைகள், ஒரு பெரிய வரைபடம், பொடி எழுத்தில் விதிகள். அவ்வளவுதான். அண்ணன் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட முகம் கொடுக்கவில்லை.

இந்த வகை விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வரைபடம் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். மலை, காடு, ஆறு எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் வரும். படைகள், ராஜாக்கள், மந்திரவாதிகள் எல்லாரும் சில்லுகள். சதுரக் கட்டமாக இருந்தால் நேராகப் போவதைவிடக் குறுக்கே போனால் அதே ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தூரம் போய்விடலாம். அறுகோணத்தில் அந்தத் திருட்டுத்தனம் கிடையாது, சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் ஒரே தூரம். சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் வெளியிட்ட ‘டாக்டிக்ஸ்’ சதுரக் கட்டத்தில்தான் இருந்தது. அவருடைய அவலான் ஹில் நிறுவனம் 1961இல்தான் அறுகோணத்துக்கு வந்தது. ராணுவ வரலாற்று ஆட்களுக்கென்று பிறந்த இந்த ஏற்பாட்டுக்குள் டிராகனும் பூதமும் நுழைந்தது எழுபதுகளின் நடுவில்.

அந்த நுழைவுதான் எனக்கு இன்றும் பிடித்த இடம். வரலாற்றுப் போரை விளையாட்டாக்குகிறவருக்குக் கணக்கு கையில் இருக்கிறது. எந்தப் படை எவ்வளவு வேகம் நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று புத்தகம் பார்த்துக்கொள்ளலாம். மந்திரவாதி எத்தனை காலாட்படைக்குச் சமம்? அதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது? ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். எஸ்.பி.ஐ. நிறுவனத்தின் ‘சோர்சரர்’ (1975) நிலத்துக்கே வண்ணங்களைப் பூசி, மந்திரத்தின் பலத்தை அந்த வண்ணங்களோடு கட்டிவிட்டது. அதே நிறுவனத்தின் ‘ஸ்வோர்ட்ஸ் அண்ட் சோர்சரி’ (1978) வானத்தில் மூன்று சூரியன்களைச் சுற்றவிட்டு, எது ஏறுமுகம் எது இறங்குமுகம் என்று பார்த்து மந்திரத்துக்குப் பலம் கொடுத்தது. கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘ஒயிட் பேர் அண்ட் ரெட் மூன்’ (1975) இன்னும் ஒரு படி மேலே போனது. முக்கியமான ஒவ்வொரு சில்லுக்கும் தனித் தனி விதி. அந்த ஒரு விளையாட்டை வெளியிடத்தான் அவர் கேயாசியம் நிறுவனத்தையே தொடங்கினார். மூன்று வருடம் கழித்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ‘ரூன்குவெஸ்ட்’ அந்த உலகத்திலிருந்துதான் வந்தது. அதற்கும் முன்பிருந்தே அவர் மனதில் வளர்த்துவந்த ஒரு முழுப் புராணம் அட்டைச் சில்லுகள் வழியாகத்தான் வெளியே வந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

எங்களிடம் இருந்தது டிவைன் ரைட் ஒன்றுதான். ரஹ்மான் சகோதரர்கள் கிளென், கென்னத் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. அண்ணன் தம்பி செய்ததை அண்ணன் தம்பி விளையாடினோம் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். மினாரியா என்றொரு நிலம். ஆளுக்கொரு ராஜ்யம், மீதி ராஜ்யங்கள் நடுநிலை. தூதரை அனுப்பி, பகடை உருட்டி, அவர்களை நம் பக்கம் இழுக்க வேண்டும். ராஜாக்களின் குணத்துக்கென்றே தனிச் சீட்டுகள் உண்டு. செத்தவர்களை எழுப்பும் ‘கறுப்புக் கை’ என்றொரு சூனியக்காரன். ‘ஞானத்தைத் தின்பவர்கள்’ என்றொரு கூட்டம். இதைத் தமிழில் சொல்லிப் பார்த்த அன்று அண்ணனும் நானும் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையிலிருந்து அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விதிகளைப் படித்து முடிக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ‘சீஜ்’ என்றால் முற்றுகை, ‘மெர்சினரி’ என்றால் கூலிப்படை என்று ஒவ்வொரு சொல்லாகத் தாண்டினோம். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நான் கரையேறியதற்கு உண்மையான காரணம் மினாரியாதான்.

சில்லுகளைப் பெயர்ப்பது தனி வைபவம். அட்டையில் பாதி வெட்டுப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்திப் பெயர்த்தால் மூலைகளில் பஞ்சு மாதிரி நார் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே இன்னொரு சில்லை அடுக்கினால் சாயும். அண்ணன் நகவெட்டியை எடுத்து ஒவ்வொரு சில்லின் நான்கு மூலையையும் மயிரிழை அளவுக்கு நறுக்குவான். நான் குப்பியில் போடுவேன். ‘டிக், டிக்’ என்று ஒரு மத்தியானம் முழுக்க அந்தச் சத்தம். (பிற்காலத்தில் இதற்கென்றே உலகமெங்கும் ஆட்கள் மூலை வட்டமாக்கும் கருவி வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோது, நாங்கள் மட்டும் பைத்தியம் இல்லை என்று ஆறுதல்.) அப்புறம் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில். வேர்த்து ஒழுக ஒழுகத்தான் ராஜ்யங்களைப் பிடித்தோம். ஒருநாள் யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட, மூன்று நாள் போர் பத்து விநாடியில் கட்டிலுக்கடியில் முடிந்தது.

அன்று காணாமல் போன ஒரு சில்லு திரும்பக் கிடைக்கவேயில்லை. ஹோதியார் நாட்டுப் படை. அண்ணன் ஒரு மருந்து டப்பாவை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஈட்டிக்காரன் ஒருவனை வரைந்து கொடுத்தான். ஈட்டி கொஞ்சம் துடைப்பம் மாதிரி இருக்கும். திருப்பினால் பின்பக்கம் ‘250 மி.கி.’ என்று இருக்கும். ‘மில்லிகிராம் படை’ என்றே அதற்குப் பெயர். சொல்லி வைத்தாற்போல அதை மட்டும் யாராலும் தோற்கடிக்க முடியாது. நான்தான் பயந்து அதைப் பின்னால் வைத்துக்கொள்வேன் என்பது வேறு விஷயம்.

இப்போது யோசித்தால் அந்தச் சில்லுகளில் இருந்தது மிகக் கொஞ்சம். ஒரு கறுப்பு நிழலுருவம், ஒரு பெயர், சிலவற்றில் ஓர் எண். மீதியை நாமே போட்டு நிரப்ப வேண்டும். விதிகளையும் நாமேதான் ஓட்ட வேண்டும். இந்த வகையின் பெரும்பாலான விளையாட்டுகளில் சண்டை என்பது விகிதக் கணக்கு. 12 பலம் 5ஐத் தாக்கினால் இரண்டுக்கு ஒன்று. மிச்சம் இரண்டு வீண். 15 இருந்தால்தான் மூன்றுக்கு ஒன்று. அட்டவணையில் ஒரு பத்தி தள்ளிப் பார்க்கலாம். அந்த மூன்று புள்ளிக்காக எங்கோ கிடக்கும் சின்னப் படையை ஆற்றைச் சுற்றி நடக்கவைப்போமே, அந்த வேலை முழுக்க நம் மண்டைக்குள் நடந்தது. இன்றைய கணினி விளையாட்டு இதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கணக்குப் போட்டு, ‘தோற்றுவிட்டாய்’ என்று மட்டும் சொல்கிறது. ஏன் தோற்றேன் என்று தெரியாத தோல்வியில் எனக்கு என்னவோ சுவை இல்லை. பழைய விளையாட்டுகளைத் திரையில் ஆட ‘வாசால்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது பொதுவாக விதிகளைக் கண்காணிப்பதில்லை. மேசையும் சில்லும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் அது பிடிக்கிறது.

அண்ணன் கல்லூரி விடுதிக்குப் போனதும் பெட்டி பரணேறியது. வெகுகாலம் கழித்து, தனியாக ஆடக்கூடிய ‘பார்பேரியன் பிரின்ஸ்’ கிடைத்தது. டுவார்ஃப்ஸ்டார் 1981இல் வெளியிட்டது, அர்னால்ட் ஹென்ட்ரிக் உருவாக்கியது. டுவார்ஃப்ஸ்டார் பெயரில் வந்தது மொத்தமே எட்டு விளையாட்டுகள்தான். அப்பனைக் கொன்று அரியணையைப் பறித்துவிட்டார்கள். இளவரசன் கால் அராத் எழுபது நாளில் ஐந்நூறு பொன் திரட்ட வேண்டும். கட்டம் கட்டமாக நடக்க வேண்டும், தினமும் சாப்பாடு தேட வேண்டும், வழி தவறக்கூடும். நான் ஒருமுறைகூட ஒழுங்காக ஜெயித்ததில்லை. பாதி நாள் பட்டினி, மீதி நாள் சதுப்பில் திசை தெரியாமல் சுற்றல். மிக அநியாயமான விளையாட்டு. இருந்தாலும் தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத்தான் எடுத்து விரிக்கிறேன்.

‘மேஜிக் ரெல்ம்’ (1979) பற்றியும் எழுத ஆசை. அதன் அறுகோணப் பலகைகளைத் திருப்பினால் நிலமே மந்திரித்த நிலமாக மாறும். அழகு. விதிகளை நான்கு தடவை படிக்கத் தொடங்கினேன், நான்கு தடவையும் பாதியில் மூடினேன். அதனால் அது இன்னொரு நாளைக்கு.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சில்லுகளைத் தரையில் பரப்பி ஒரு படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“மில்லிகிராம் இருக்கா?”

“இருக்கு.”

“அந்தப் பகடை?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைசி விடுமுறையில், கடைசி ஆட்டம். மூயிடார் ராஜாவை இழுக்க அவன் தூது அனுப்பிப் பகடையை உருட்டினான். அது வரைபடத்தைத் தாண்டி ஓடி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. கீழே விழுந்தது செல்லாது, திரும்பப் போடு என்று நான் சாதித்தேன். திரும்பப் போட்டான், ஒன்று விழுந்தது. அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன்.

“அந்த ரூல் புக்ல எங்கேயாவது கீழ விழுந்தா செல்லாதுன்னு போட்டிருக்கா? இப்ப பார்த்துச் சொல்லு.”

“அண்ணா, அது முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு.”

“நான் குனிஞ்சு பார்த்தேன்டா. ஆறு.”

புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கினேன். அவன் போனை வைக்கவில்லை.