மச்சானும் மாதாவும்

தங்கை வீட்டுக்காரர் சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை), நாங்கள் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்). நேற்று சாப்பிடும்போது, "மாதாவை ஏன் மச்சான் கும்பிடுறீங்க?" என்றார். பத்து வருடமாக அடக்கிவைத்த கேள்வி போல!

"கும்பிடல மாப்பிள்ளை, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னுதான் கேட்கிறோம். நீங்க உங்க சபை போதகர் ஐயர்கிட்ட ஜெபிக்கச் சொல்றதில்லையா?"

"ஐயர் உயிரோட இருக்காரே!"

சிரித்துவிட்டேன். புனிதர்கள் கடவுளிடம் உயிரோடு இருப்பதாகத்தான் எங்கள் நம்பிக்கை என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் காதுகொடுத்துக் கேட்டார்.

அப்புறம் என் முறை. அவர் பைபிளில் 66 நூல்கள், எங்களுடையதில் 73. இரு தரப்பும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வந்த திருவிவிலியத்தை எடுத்து, அந்தக் கூடுதல் ஏழில் ஒன்றான தோபித்து நூலைக் காட்டினேன். வாசிக்க உட்கார்ந்துவிட்டார். அதில் மீன் வரும் இடத்தில்தான் நிமிர்ந்தார். இங்கே தட்டில் மீன்குழம்பு ஆறிப்போயிருந்தது.