மீன் கத்திக்கு உலை தேடி

திருகோணமலை திருக்கடலூரில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவருக்கு நான் செய்து கொடுத்த கத்தி, லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அறுக்குளா மீனின் நடுமுள்ளை ஒரே போடில் பிளக்கும். ஆனால் உப்புத் தண்ணீரோடு ஓர் இரவு கிடந்தால் காலையில் செம்மண் பூசியதுபோல் இருக்கும். அதனால் தினமும் மாலையில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பார். "தம்பி, பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து எண்ணெய் வைத்ததில்லை. துருப்பிடிக்காத ஒன்று செய்து தர மாட்டீர்களா?" என்று ஒருநாள் கேட்டார். அன்று பிடித்த சனி.

டுபாயில் இருக்கும் என் அக்காவின் மகன் விடுமுறைக்கு வரும்போது 440சி என்ற துருப்பிடிக்காத உருக்குப் பட்டைகள் சிலவற்றைப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தான். மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. காபன் ஏறக்குறைய 1 சதவீதம், துருவைத் தடுக்கும் குரோமியம் 16 முதல் 18 சதவீதம். ஒன்பது கத்தி அலகுகள் வெட்டினேன். வெட்டுவாயை முழுவதும் தேய்த்து மெலிதாக்கவில்லை. அரை மில்லிமீற்றர் விட்டுவைத்தேன், இல்லையென்றால் சூட்டில் நெளியும். கைப்பிடி ஆணிக்கான துளைகளையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஒன்பதாவது அலகில் ஒரு துளையை மறந்துவிட்டேன். அந்தக் கதை கடைசியில்.

எனக்குத் தோய்ச்சல் போட, அதாவது உருக்கைச் சூடேற்றி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்துக் கொல்லர் ஐயா. ஸ்பிரிங் பட்டை என்றால் அவருக்கு ஒரு காந்தத் துண்டும் கண்ணும் போதும். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் கொஞ்சம் துருத்தியை ஊதி, எண்ணெயில் இறக்கிவிடுவார். என் அலகு ஒன்றையும் அப்படியே இறக்கினார். ஆறிய பிறகு அரத்தை வைத்து இழுத்தார். அரம் வழுக்கவில்லை, வெண்ணெயில் போல இறங்கியது. "இது என் உலைக்கு அடங்காத சாதி, தம்பி" என்றார். உண்மைதான். இந்த உருக்கை 1010 முதல் 1065 பாகை செல்சியஸுக்குள் கொண்டுபோய், அதே சூட்டில் கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால்தான் உள்ளே குரோமியமும் காபனும் சேர்ந்து கட்டியாக இருக்கும் குரோமியக் காபைட்டு கரைந்து, காபன் இரும்போடு சேரும். அவ்வளவு நேரம் கரி உலையில் ஒரே சூட்டைக் கண்ணால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. அதற்குள் காற்றுப் பட்டு மேல்தோலும் கருகி உரிந்துவிடும்.

பிறகு செயற்கைப் பல் செய்யும் நண்பர் ஒருவரிடம் போனேன். அவருடைய மின்னடுப்பு 1100 பாகை வரை போகும். மகிழ்ச்சியோடு கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே என் கையளவு இடம். அலகின் நீளம் 25 சென்ரிமீற்றர். பாதியாக முறித்துக் கொண்டுவந்தால் செய்து தருவதாகச் சொன்னார். அவருக்கு எப்போதும் பகிடிதான்.

கடைசியில் கொழும்புதான். அச்சுகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் சூடேற்றிப் பதம் போட்டுக் கொடுக்கும் இடங்கள் அங்கே இருக்கின்றன. தொலைபேசியில் பேசிய மூன்று இடங்களிலும் முதல் கேள்வி ஒன்றே: எத்தனை கிலோ? என் ஒன்பது அலகுகளும் சேர்ந்து 2 கிலோகூட இல்லை. ஒருவர் சிரித்தார். ஒருவர் வைத்துவிட்டார். மூன்றாமவர் மட்டும் எந்த உருக்கு என்று கேட்டார். மெக்கானிக் கடையில் கற்ற என் சிங்களத்தில் சொன்னேன். டி2 உருக்கில் அச்சுகள் உலைக்குப் போகும் நாளில் சேர்த்துவிடலாம், அதுவும் 1030 பாகைதான், ஆனால் 5 கிலோவுக்கான குறைந்தபட்சக் கட்டணம் தர வேண்டும் என்றார். தலையாட்டினேன், தொலைபேசியில் தலையாட்டுவது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

இரவு பஸ்ஸில் கொண்டுபோனேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவற்றைப் பார்த்துக் கண் நிறைந்தது. வெற்றிட உலை என்பதால் ஒரு கருமை இல்லை, வெள்ளிபோல மங்கலான மினுக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் கடினம் பார்த்த ஊசிமுனைக் குழிகள். கடினத்தை அளக்கும் ரொக்வெல் சி அளவில் 57 என்று தாளில் எழுதியிருந்தது. அரம் வழுக்கியது. முதல் கத்திக்கு வேப்பமரப் பிடி போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அழைத்தார். வெட்டுவாயை ஒட்டி, மிளகு தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் துரு. "பழைய கத்தியே நல்லது" என்று அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

மீதி அலகுகளில் ஒன்றை டச்பே கடற்கரையில் மொண்டுவந்த கடல் தண்ணீரில் போட்டேன். அடுத்த நாளே அதே மிளகு. கொழும்புக்கு அழைத்து உலைக் குறிப்பைப் படிக்கச் சொன்னேன். 1030 பாகை சரி. ஆனால் அதன் பிறகு, கடினமான உருக்கு வெடிக்காமல் இருக்க மறுபடி கொடுக்கும் முறுக்குத் தணிக்கும் சூடு 520 பாகை, இரண்டு தடவை. டி2 அச்சுக்கு அது வழக்கம். என் உருக்குக்கு அது விஷம். அந்தச் சூட்டில் குரோமியம் காபனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது, அதைச் சுற்றியுள்ள இரும்பு காவலின்றி நிற்கிறது. கடினமோ பெரிதாகக் குறையாது. அதனால்தான் 57 என்ற அந்த எண்ணைப் பார்த்து நானும் ஏமாந்தேன், அவரும் ஏமாந்தார். கடினத்தைக் கேட்டேனே தவிர, எந்தச் சூட்டில் தணிப்பீர்கள் என்று கேட்கவில்லை. 

மனிதர் நல்லவர். அலகுகளை மென்மையாக்கி மறுபடியும் உலைக்கு அனுப்பினார், பாதிக் கட்டணம் வாங்கினார். இந்தத் தடவை 180 பாகை என்றேன். சிறிய அடுப்பில் ஒரு தடவை செய்து தருகிறேன், இரண்டாம் தடவையை நீங்களே வீட்டில் செய்யலாம் என்றார். தணிக்காமலே தாருங்கள் என்று காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். மறுத்துவிட்டார். தணிக்காத உருக்கு கண்ணாடி மாதிரி, திருகோணமலை போய்ச் சேர்வதற்குள் வெடித்தாலும் வெடிக்கும் என்றார்.

இரண்டாம் தணிப்பு என் மனைவி கேக் சுடும் அடுப்பில் நடந்தது. குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே வெப்பமானி 205 காட்டியது. அவருடைய கேக்குகள் ஏன் அடியில் கருகின என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் அடுப்பைவிட்டு நகரவில்லை.

அக்காவின் கத்தி இப்போது நான்கு மாதமாகச் சந்தையில் இருக்கிறது. இரவில் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைக்கிறார். எண்ணெய் இல்லை. மிளகும் இல்லை. பிடிதான் மீன் வாடை பிடித்துவிட்டதாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒன்பதாவது அலகுக்குத் துளை போட இதுவரை இரண்டு துளைமுனைகள் உடைந்துவிட்டன. அடுத்த தொகுதியில் ஆறு அலகுகள் வெட்டி, துளைகளை இரண்டு தடவை எண்ணி, ஒவ்வொன்றின் வாலிலும் கம்பியால் ஓர் அட்டை கட்டியிருக்கிறேன். "1030 - 180 - 180" என்று மட்டும். அங்கே டி2 அச்சுகள் சேரட்டும், அழைக்கிறேன் என்றிருக்கிறார்.